ஜுரு குழாய்க்கும் கெடா ஏரிகளுக்கும் என்ன உறவு?

உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரி எது என்று கேட்டால் நம்மில் பலர் யோசிக்காமல் பதில் சொல்லிவிடுவோம். பரப்பளவில் வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி. ஆழத்திலும் கொள்ளளவிலும் ரஷ்யாவின் பைக்கால் ஏரி. பூமியின் மேற்பரப்பில் உறையாமல் இருக்கும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பைக்காலில் மட்டுமே இருக்கிறது. புவியியல் பாடத்தில் இதையெல்லாம் படித்து, தேர்வில் எழுதி, மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறோம்.

ஆனால், "உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். ஜுருவில் என் வயதுத் தோழர்கள் சிலரிடம் கேட்டேன். பெரும்பாலோர் "மெங்குவாங் அணை" என்றார்கள். ஒருவர் "மழையிலிருந்து" என்றார். இரண்டுமே தவறில்லை, ஆனால் இரண்டுமே முழு விடையும் இல்லை. முழு விடையைத் தேடினால் நாம் மாநில எல்லையைத் தாண்டி, கெடாவின் வயல்களைக் கடந்து, தாய்லாந்து எல்லையை ஒட்டிய மழைக்காட்டில்தான் போய் நிற்போம். அங்கே ஓர் ஏரிக் கூட்டமே இருக்கிறது. நம் அன்றாட வாழ்க்கையோடு நெருங்கிய தொடர்புள்ள அந்த ஏரிகளைப் பற்றி நாம் பைக்கால் அளவுக்குக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை.

இரண்டு ஏரி, ஒரு சுரங்கம்

கெடாவின் வடகிழக்கில் உலு மூடா காட்டுப் பகுதி இருக்கிறது. மூடா, பெடு, அனிங் என்ற மூன்று ஏரிகள் அதன் மடியில் உள்ளன. மூன்றுமே மனிதன் அணை கட்டி உருவாக்கிய ஏரிகள். மூடா, பெடு அணைகளின் கட்டுமானம் 1966-இல் தொடங்கி 1970 வாக்கில் நிறைவு பெற்றது. உலக வங்கி இதற்குக் கடன் கொடுத்தது. அனிங் பின்னர் வந்து சேர்ந்தது.

மூடாவும் பெடுவும் சேர்ந்து இயங்கும் விதத்தைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மூடா அணைக்கு மழைநீரைத் திரட்டித் தரும் நீர்ப்பிடிப்புப் பகுதி 984 சதுர கிலோமீட்டர். ஆனால் அந்த ஏரியில் தேங்கக்கூடிய நீர் 160 மில்லியன் கன மீட்டர் மட்டுமே. பெடுவின் கதை நேர் எதிர். அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி வெறும் 171 சதுர கிலோமீட்டர். கொள்ளளவோ 1,073 மில்லியன் கன மீட்டர். ஒன்றுக்கு வரவு அதிகம், பெட்டி சிறியது. மற்றொன்றுக்குப் பெட்டி பெரியது, வரவு குறைவு. பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மலையைக் குடைந்து, ஆறு கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சையோங் சுரங்கத்தை அமைத்து, மூடாவின் நீரைப் பெடுவுக்குத் திருப்பிவிட்டார்கள். இரண்டு ஏரிகளும் ஒரே ஏரியாக வேலை செய்யத் தொடங்கின.

அந்த நீர் நெல்லுக்காக. பெடுவிலிருந்து ஆற்றின் வழியாகவும் கால்வாய்களின் வழியாகவும் கெடா, பெர்லிஸ் சமவெளிக்குப் பாய்ந்து, ஏறத்தாழ 96,000 ஹெக்டர் வயல்களை நனைக்கிறது. அதற்கு முன் அங்கே மழையை நம்பி ஆண்டுக்கு ஒரு போகம்தான். ஏரிகள் வந்த பிறகு இரண்டு போகம். நம் நாட்டின் நெற்களஞ்சியம் என்று கெடாவைச் சொல்கிறோமே, அந்தப் பெயருக்குப் பின்னால் இந்த இரண்டு ஏரிகளும் ஒரு சுரங்கமும் இருக்கின்றன.

ஏரி ஒன்று உருவானால் தண்ணீரோடு அது நின்றுவிடுவதில்லை. சுற்றியுள்ள சமுதாயத்தையும் மாற்றுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஸ்காட் 1978 முதல் 1980 வரை மூடா சமவெளியின் ஒரு கிராமத்தில் தங்கி அந்த மாற்றத்தை ஆராய்ந்தார். இரண்டாம் போகத்தால் வருமானம் கூடியது. ஆனால் அடுத்த போகத்திற்குள் அறுவடையை விரைவாக முடிக்க இயந்திரங்கள் வந்தபோது, கதிர் அறுத்துப் பிழைத்த நிலமற்ற ஏழைகள் வேலை இழந்தார்கள். ஒரே ஏரி நீர் ஒருவருக்கு ஏற்றத்தையும் இன்னொருவருக்கு இறக்கத்தையும் கொண்டுவந்தது. சமூகவியல், பொருளாதாரம் படிக்கும் மாணவர்கள் தேடிப் படிக்க வேண்டிய ஆய்வு அது.

மலையிலிருந்து ஜுரு வரை

அப்படியானால் பினாங்குக்கு நீர் எப்படி வருகிறது? ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடும் மூடா ஆற்றின் வழியாக. உலு மூடாவில் பிறந்து, சிக், பாலிங் மாவட்டங்களின் துணையாறுகளைச் சேர்த்துக்கொண்டு மேற்கே வரும் இந்த ஆறு, கடைசிப் பகுதியில் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லைக்கோடாக ஓடிக் கடலில் கலக்கிறது.

மேலே மூடா அணை நீரின் பெரும்பகுதி நெல்லுக்காகப் பெடு பக்கம் திரும்பிவிடுவதால், கீழே ஆற்றில் வறட்சிக் காலத்திலும் நீரோட்டம் இருக்க வேறொரு ஏற்பாடு தேவைப்பட்டது. அதற்காகத்தான் சிக் மாவட்டத்தில் பெரிஸ் அணை கட்டப்பட்டு 2004-இல் முடிந்தது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 122 மில்லியன் கன மீட்டர். ஆற்றில் நீர் குறையும்போது பெரிஸ் ஏரியிலிருந்து திறந்துவிடுவார்கள். அந்த ஏரிக்கரையில் திராட்சைத் தோட்டம் பார்க்கச் சுற்றுலா போனவர்கள் நம்மில் இருக்கலாம். நாம் படம் எடுத்துக்கொண்ட அந்த ஏரியின் நீர் நமக்கு முன்பே வீடு வந்து சேர்ந்திருக்கக்கூடும்.

பினாங்கின் கரையில் லஹார் தியாங் என்ற இடத்தில் ஆற்றுநீர் எடுக்கப்படுகிறது. அது கால்வாய் வழியாகச் சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே சுத்தமாக்கப்படும் நீர் செபராங் பிறையின் வீடுகளுக்கும், கடலுக்கடியில் போடப்பட்ட குழாய்கள் வழியாகத் தீவுக்கும் செல்கிறது. பினாங்கு பயன்படுத்தும் நீரில் 80 விழுக்காட்டுக்கும் மேல் மூடா ஆற்றிலிருந்துதான் கிடைக்கிறது.

மெங்குவாங் அணைக்கு என்ன வேலை? அது நம் சேமிப்புக் கணக்கு. மழை நன்றாகப் பெய்து ஆற்றில் நீர் மிகுந்திருக்கும்போது பம்பு வைத்து மெங்குவாங்கில் ஏற்றுகிறார்கள்; ஆறு வற்றும்போது அங்கிருந்து எடுக்கிறார்கள். விரிவாக்கத்துக்குப் பிறகு அது 8,640 கோடி லிட்டர் நீரைத் தாங்கும். மாநிலத்தின் மிகப் பெரிய அணை அதுவே. ஆயினும் பெடுவோடு ஒப்பிட்டால் பன்னிரண்டில் ஒரு பங்குதான். மெங்குவாங் கரையில் மெதுவோட்டம் ஓடும்போது கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீர் தெரிவதைப் பார்த்து, 'நமக்கென்ன குறை' என்று நான் நினைத்ததுண்டு. சேமிப்புக் கணக்கில் பணம் இருப்பது நல்லதுதான். ஆனால் சம்பளம் வருகிற இடம் வேறு.

ஒரே ஆறு, ஒரே நிலையம் என்று சார்ந்திருப்பதன் ஆபத்தை 2024 ஜனவரியில் மாநிலமே கண்டது. சுங்கை டுவாவில் பழைய வால்வுகளை மாற்றும் பராமரிப்பு வேலைக்காக ஜனவரி 10 முதல் 14 வரை நீர் விநியோகம் திட்டமிட்டு நிறுத்தப்பட்டது. ஏறத்தாழ 5 லட்சத்து 90 ஆயிரம் பயனீட்டாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். முன்கூட்டியே அறிவித்துச் செய்த, தேவையான வேலை அது. அதற்கே வாளி, டிரம், தண்ணீர் லாரி என்று ஊர் மாறிப்போனது. அறிவிப்பு இல்லாமல் ஆறே கைவிட்டால் என்ன ஆகும் என்று அப்போது யோசிக்க முடிந்தது.

பக்கத்தில் ஓடும் ஆற்றை ஏன் குடிக்க முடியாது?

ஜுருவுக்கென்று சொந்த ஆறு ஒன்று இருக்கிறதே, அதை விட்டுவிட்டு ஏன் கெடாவைப் பார்க்க வேண்டும் என்று இளைய மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. புக்கிட் மெர்த்தாஜாம் பக்கத்து ஓடைகளைச் சேர்த்துக்கொண்டு கோலா ஜுருவில் கடலில் கலக்கும் ஜுரு ஆறு, நாட்டின் மாசடைந்த ஆறுகளுக்கு எடுத்துக்காட்டாகப் பல ஆண்டுகள் பேசப்பட்ட ஆறு.

பிறைத் தொழிற்பேட்டை வளர்ந்த 1970-களில் கோலா ஜுரு மீனவர்களின் வலையில் மீன் குறைந்தது. எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் இயங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்று, விவகாரத்தை நாடறியச் செய்தது. மீனவர்கள் மனம் தளரவில்லை; கெராங் சிப்பி வளர்ப்பில் இறங்கிப் பார்த்தார்கள். நம் நாட்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974-இல் வந்தது. அந்தக் காலத்தில் சுற்றுச்சூழல் என்ற சொல்லையே பலர் கேட்டிராத நிலையில், நம் ஊர்க்காரர்கள் அதற்காகக் குரல் எழுப்பியிருக்கிறார்கள். இதை நான் எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை.

தொழிற்சாலைக் கழிவு, பன்றிப் பண்ணைக் கழிவு, வீடுகளின் சாக்கடை எல்லாம் சேரும் ஆற்றைக் குடிநீராக்குவது எளிதல்ல. அருகில் இருக்கும் ஆற்றைக் கெடுத்துக்கொண்டால் தொலைவில் இருக்கும் ஆற்றை நம்பித்தான் வாழ வேண்டும். ஜுரு நமக்குச் சொல்லும் பாடம் இதுதான். அதே கதி மூடா ஆற்றுக்கு வந்தால் அதற்கு அப்பால் தேட எளிதான இன்னோர் ஆறு நமக்கு இல்லை. பேராக்கிலிருந்து நீர் கொண்டுவரும் யோசனை பல ஆண்டுகளாகப் பேச்சளவிலேயே இருந்துவந்திருக்கிறது.

காடுதான் முதல் அணை

ஏரியைப் பாதுகாப்பது என்றால் கரையில் குப்பை போடாமல் இருப்பது என்று நினைக்கிறோம். உண்மையில் ஏரியின் ஆயுள் அதைச் சுற்றியுள்ள காட்டில் இருக்கிறது. அடர்ந்த காட்டில் மழை முதலில் இலைகளில் விழுந்து வேகம் தணிகிறது. பின் சருகுகளின் ஊடே கசிந்து மண்ணுக்குள் இறங்குகிறது. மழை நின்ற பிறகும் அந்த நீர் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் சேர்கிறது. வறட்சியிலும் ஆறு ஓடுவதற்கு இதுவே காரணம்.

மரங்களை வெட்டி, லாரிப் பாதை போட்டால் இந்த ஒழுங்கு குலைகிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் மேலோடு ஓடுகிறது. போகும்போது மண்ணையும் அள்ளிக்கொண்டு போகிறது. விளைவுகள் மூன்று. மழைக்காலத்தில் வெள்ளம் பெருகும். வெயில் காலத்தில் ஆறு சீக்கிரம் வற்றும். அணையின் அடியில் வண்டல் படிந்து கொள்ளளவு ஆண்டுக்காண்டு குறையும். இதோடு கலங்கல் நீரைச் சுத்திகரிக்க அதிக இரசாயனமும் அதிகச் செலவும் வேண்டும். கலங்கல் ஓர் அளவைத் தாண்டினால் சுத்திகரிப்பையே நிறுத்த வேண்டிவரும்.

2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங்கில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கூப்பாங் பகுதியில் சேறும் மரக்கட்டைகளுமாக வந்த வெள்ளம் வீடுகளைச் சிதைத்தது, மூவர் உயிரிழந்தனர். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். கூப்பாங் ஆறு கெட்டில் ஆற்றில் சேர்கிறது. கெட்டில் ஆறு மூடா ஆற்றில் சேர்கிறது. அங்கே மலைச்சரிவில் நடப்பது நமக்கு வெறும் செய்தி அல்ல. அதே நீர்வழியின் கீழ்முனையில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

யாருடைய தண்ணீர்?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. காடு கெடாவில் இருக்கிறது. குழாய் பினாங்கில் இருக்கிறது. நம் நாட்டில் நிலமும் காடும் மாநில அரசுகளின் அதிகாரத்தில் உள்ளவை. மரம் வெட்ட அனுமதித்தால் மாநிலத்துக்கு வருமானம். வெட்டாமல் காத்தால் பயன் பக்கத்து மாநிலத்துக்கு. "எங்கள் காட்டைப் பாதுகாப்பதற்கு ஈடு வேண்டும்" என்பது கெடாவின் வாதம். ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் என்றுகூடத் தொகை சொல்லப்பட்டது. "எல்லையாக ஓடும் ஆற்றில் எங்கள் கரையிலிருந்து, கடலுக்குப் போகும் நீரை எடுக்கிறோம், அதற்கு ஏன் பணம்?" என்பது பினாங்கின் வாதம். 1800-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் கோலா மூடாவிலிருந்து கோலா கிரியான் வரையிலான கரை ஆங்கிலேயர் கைக்குப் போனதிலிருந்தே இந்த ஆறு எல்லையாக இருந்துவருகிறது.

இந்தச் சண்டை உலகத்துக்குப் புதிதல்ல. தமிழர்களாகிய நமக்கு இன்னும் புதிதல்ல. முல்லைப் பெரியாறு அணை நினைவுக்கு வருகிறதா? மேற்கே ஓடிய பெரியாற்றை மறித்து, தேக்கடி ஏரியை உருவாக்கி, மலையில் சுரங்கம் குடைந்து, கிழக்கே வறண்ட தேனி, மதுரைப் பக்கம் நீரைத் திருப்பினார் பென்னிகுவிக். அணை 1895-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே 1886-இல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு 999 ஆண்டுகளுக்குக் குத்தகை ஒப்பந்தம் போடப்பட்டது. தேனி விவசாயிகள் இன்றும் பென்னிகுவிக்குக்குப் பொங்கல் வைக்கிறார்கள். ஆனால் அணை கேரளத்தில், நீர் தமிழகத்துக்கு. பாதுகாப்பு, நீர்மட்டம் என்று வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போய், 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று 2014-இல் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் இருந்தும் இவ்வளவு சச்சரவு.

நமக்கு இன்னும் அருகில் ஜொகூரும் சிங்கப்பூரும் உள்ளன. 1962 ஒப்பந்தப்படி சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். விலை ஆயிரம் கேலனுக்கு 3 காசு. 2061-இல் ஒப்பந்தம் முடிகிறது. விலை நியாயமா என்ற வாதம் ஓயவில்லை. ஆனாலும் எழுத்தில் ஒன்று இருப்பதால் இரு நாடுகளும் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்ற தெளிவோடு பேசுகின்றன.

அமெரிக்காவும் கனடாவும் இன்னும் ஒரு படி மேலே போயின. இரு நாடுகளுக்கும் பொதுவான ஏரிகளையும் ஆறுகளையும் கவனிக்க 1909 உடன்படிக்கையின்படி கூட்டு ஆணையம் ஒன்றை அமைத்தன. நாட்டுக்கு மூவர் என ஆறு பேர். தகராறு முற்றியபின் உட்காருவதற்கு அல்ல. தகராறு வருமுன்பே அளந்து, ஆராய்ந்து சொல்வதற்கு. நியூயார்க் நகரம் 1997-இல் செய்ததும் கவனிக்கத்தக்கது. பல நூறு கோடி டாலரில் வடிகட்டும் ஆலை கட்டுவதைவிட, நீர் வரும் மலைப்பகுதி ஊர்களுக்குப் பணம் கொடுத்து, அங்குள்ள காட்டையும் ஓடைகளையும் பாதுகாப்பதே மலிவு என்று முடிவெடுத்து ஒப்பந்தம் செய்தது.

கேள்வியை மாற்றிக் கேட்போம்

தண்ணீருக்கு விலை எவ்வளவு என்று கேட்கும்வரை கெடாவும் பினாங்கும் உடன்படப் போவதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அந்தக் கேள்வியில் ஒருவர் வென்றால் மற்றவர் தோற்க வேண்டும். காட்டைக் காக்க எவ்வளவு செலவாகும், அதை யார் யார் பங்கிட்டுக்கொள்வது என்று கேட்டால் நிலைமை வேறு. உலு மூடா நிலைத்தால் கெடாவின் நெல்லுக்கும் பலன், பெர்லிசுக்கும் பலன், ஜுருவுக்கும் பலன்.

இதற்கு வழி இல்லாமலும் இல்லை. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணைப்படி, ஒரே மாநிலத்துக்குள் அடங்காத, சம்பந்தப்பட்ட மாநிலங்களின் ஒப்பந்தத்துக்கும் உட்படாத ஆறுகள் கூட்டரசின் பொறுப்பில் வருகின்றன. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு நிதி வழங்கும் திட்டமும் 2019 முதல் இருக்கிறது. அந்த நிதி மரம் வெட்டினால் வரும் வருமானத்தோடு போட்டி போடும் அளவுக்கு வளர வேண்டும். பினாங்கு போன்ற பயனடையும் மாநிலங்களும் அதில் பங்கு போட வேண்டும். பணம் வாங்கும் மாநிலம் எத்தனை ஹெக்டர் காடு அப்படியே இருக்கிறது என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். இப்படி ஓர் ஏற்பாடு இரு தரப்புக்கும் கௌரவமானது.

நம் பக்கமும் சரிசெய்ய வேண்டியது உண்டு. தலைக்கு இத்தனை லிட்டர் என்று கணக்கிட்டால், நாட்டிலேயே அதிகமாகத் தண்ணீர் செலவழிக்கும் மாநிலங்களில் பினாங்கும் ஒன்று. நெடுங்காலம் கட்டணம் குறைவாக இருந்ததும் ஒரு காரணம். பக்கத்து மாநிலத்தின் காட்டை வெட்டாதே என்று சொல்லிக்கொண்டே, இங்கே குழாயைத் திறந்துவைத்துக் கார் கழுவினால் நம் பேச்சுக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள்?

மாணவர்கள் என்ன செய்யலாம் என்ற கேள்விக்கு 'விழிப்புணர்வு' என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. செய்யக்கூடிய ஒரு வேலை சொல்கிறேன். நீர்ப்பாசன, வடிகால் இலாகாவின் இணையத்தளத்தில் ஆறுகளின் நீர்மட்டமும் மழை அளவும் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கின்றன. அணைகளின் நீர் இருப்பையும் நீர் வாரியம் வெளியிடுகிறது. பள்ளி அறிவியல் கழகமோ பல்கலைக்கழகத் தமிழ்க் கழகமோ வாரம் ஒருமுறை இந்த எண்களைக் குறித்து, ஓராண்டுக்கு ஒரு வரைபடம் தயாரிக்கலாம். எந்த மாதத்தில் ஆறு இறங்குகிறது, அப்போது மெங்குவாங் எவ்வளவு கைகொடுக்கிறது, மழை வந்த எத்தனை நாளில் நீர் ஏறுகிறது என்று உங்கள் கண்முன்னே தெரியும். எஸ்.டி.பி.எம். புவியியல் ஆய்வுக்கும் அது உதவும். நீரியல், சுற்றுச்சூழல் பொறியியல், வனவியல், நீர்ச் சட்டம் என்று மேற்படிப்புக்கான பாதைகளும் அங்கிருந்து திறக்கும். இத்துறைகளில் நம் மாணவர்கள் இன்னும் நிறையப் பேர் வர வேண்டும்.

பைக்காலை நாம் படிப்போம், படிக்கத்தான் வேண்டும். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெடு ஏரிகளின் நீர் அந்த ஒரே ஏரிக்குள் அடங்கும். ஆனால் அதிலிருந்து ஒரு சொட்டுகூட ஜுருவுக்கு வராது. நமக்கு வருவது உலு மூடா மரங்கள் பிடித்துவைத்து, மூடா ஆறு சுமந்து வரும் நீர்தான். அடுத்த தேர்தலில் முதன்முறையாக ஓட்டுப் போடப்போகும் நாம், வேட்பாளர்களிடம் சாலையையும் மண்டபத்தையும் மட்டும் கேட்காமல், அந்த மரங்களைப் பற்றியும் கேட்போம்.